இழுக்கும், சில நேரம் இழுக்காது

மக்களே, இது கொஞ்சம் கிரீஸ் வாசம் அடிக்கிற பதிவு. கவிதை தேடி வந்தவங்க மன்னிக்கணும். டர்போ வண்டி வச்சிருக்கிறவங்க, அந்த வண்டியில தினமும் போய் வர்றவங்க, "சில நேரம் பறக்குதுங்க, சில நேரம் கட்ட வண்டி ஆயிடுதுங்க"ன்னு மெக்கானிக்கிட்ட சொல்லி "எங்க கையில நல்லாத்தானே ஓடுது"ன்னு பதில் வாங்கினவங்க எல்லாம் முன்வரிசைக்கு வாங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். டர்போ செத்துப் போனா அது எப்பவும் செத்துத்தான் கிடக்கும். காலையில செத்து மத்தியானம் எழுந்து வர அது சீரியல் ஹீரோயின் இல்லை :-) தண்டு உடைஞ்சாலோ பிளேடு நொறுங்கினாலோ எல்லா நாளும் எல்லா ரோட்டுலயும் ஒரே மாதிரி தெரியும். வந்து வந்து போகுதுன்னா, கோளாறு பெரும்பாலும் டர்போவுக்கு உத்தரவு போடற பக்கம் இருக்கும். அந்தப் பக்கத்துல இருக்கிறதெல்லாம் சின்னச் சின்ன சாமான். ரப்பர் ஓஸ், ஒரு வால்வு, ஒரு சென்சார். ஆனா எஸ்டிமேட் மட்டும் டர்போவுக்குத்தான் போடுவாங்க.

இதை ஏன் இவ்வளவு வேகமா சொல்றேன்னா, நம்ம சகலை விஷயம்.

சகலைன்னா தங்கமணியோட தங்கச்சி வீட்டுக்காரர். மேட்டுப்பாளையத்துல டி போர்டு வண்டி ஓட்டறார். ஒரே வண்டி, ஏழு சீட் டீசல். 2014 மாடல், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, இன்னும் டியூ ஓடிட்டிருக்கு. எந்தக் கம்பெனின்னு சொல்ல மாட்டேன். சொன்னா ரசிகர் மன்றத்துக்காரங்க வருவாங்க, பதிவு வேற எங்கயோ போயிடும். வாரத்துல ரெண்டு நாள் அவருக்கு ஒரு நிரந்தர சவாரி. குன்னூர்ல ஒரு பெரியவர், டயாலிசிஸுக்கு கோயமுத்தூர் வரணும். விடியறதுக்கு முன்னாடி சகலை காலி வண்டியில மேல ஏறி, அவரையும் மகளையும் கூட்டிட்டு இறங்கி, ஆஸ்பத்திரியில விட்டு, முடியற வரைக்கும் காத்திருந்து, மத்தியானம் திரும்ப மேல கொண்டு போய் விடணும். மாச டியூல பாதிக்கு மேல இந்த ஒரு சவாரியில இருந்துதான் போகுது.

2024ல மழைக்காலம் ஆரம்பிச்ச சமயம். பர்லியார் தாண்டி ஏறும்போது திடீர்னு வண்டி செத்துடும். இன்ஜின் விளக்கு எரியும், ஆக்சிலேட்டரை தரையோட அமுக்கினாலும் செகண்ட் கியர்ல 20ல ஊரும். பின்னாடி பஸ்காரன் ஆரன். ஓரமா நிறுத்தி, சாவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா பழையபடி ஓடும். சில நாள் குன்னூர் வரைக்கும் ஓடும், சில நாள் ரெண்டு வளைவு தாண்டினதும் திரும்ப அதே கதை. நாலு மணி நேரம் மெஷின்ல ரத்தம் சுத்தி வந்த உடம்பு, பெரியவர் ஜன்னல்ல தலையை சாய்ச்சு கண்ணை மூடிட்டிருப்பார். மூணாவது தடவை ஆனப்போ அந்தப் பொண்ணு மெதுவா சொல்லியிருக்கு: "தப்பா நினைச்சுக்காதீங்கண்ணா, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நாங்க வேற வண்டி பார்க்க வேண்டியிருக்கும்." அதுல தப்பா நினைக்க என்ன இருக்கு? எங்கப்பாவா இருந்தா நான் ரெண்டாவது தடவையே சொல்லியிருப்பேன்.

சர்வீஸ் சென்டர்ல மூணு நடை. முதல் நடையில "மலை ஏறினா எல்லா வண்டியும் மூச்சு வாங்கும் சார்". ரெண்டாவது நடையில ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் மாத்தினாங்க. மூணாவது நடையில புது டர்போவுக்கு எஸ்டிமேட், கூலியோட 92 ஆயிரம். சகலை நகையை பேங்க்ல வைக்க ரெடியாயிட்டார். தங்கமணி காதுக்கு அது வந்து, தங்கமணி வழியா எனக்கு வந்தது.

"டர்போ மாத்தினா கண்டிப்பா சரியாயிடும்னு சொன்னாங்களா?"ன்னு கேட்டேன்.

"மாத்திப் பார்க்கலாம்னாங்க சகலை."

மாத்திப் பார்க்கலாமாம். 92 ஆயிரத்துக்கு!

சரி, உள்ள என்ன நடக்குதுன்னு பார்த்துட்டு மேல போவோம். டர்போங்கறது சைலன்சருக்குப் போற சூடான புகையை வச்சு ஒரு காத்தாடியை சுத்தி, அதே தண்டோட மறுமுனையில இருக்கிற இன்னொரு காத்தாடியால வெளிக்காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ற சமாச்சாரம். ஆல்ஃபிரட் பூக்கின்னு ஒரு சுவிஸ் இன்ஜினியர் 1905ல இதுக்கு பேட்டன்ட் வாங்கினார். தள்றது பெரிய விஷயம் இல்லை. எவ்வளவு தள்றதுங்கறதுலதான் எல்லா சிக்கலும். கம்மியா தள்ளினா இழுவை இல்லை, அதிகமா தள்ளினா இன்ஜின் காலி.

நம்ம ஊர் டீசல்ல நிறைய வண்டி விஜிடி. டர்பைன் காத்தாடியைச் சுத்தி ஜன்னல் பட்டை மாதிரி சின்னச் சின்ன தகடுகள் நிக்கும். வண்டி மெதுவா போகும்போது பட்டை மூடிக்கும். சந்து சின்னதானா புகை வேகமா பாயும், காத்தாடி சீக்கிரம் சுத்தும். தோட்டத்து ஓஸ் வாயை கட்டை விரலால பாதி மூடினா தண்ணி தூரமா பீச்சுமே, அதேதான். வேகம் ஏறினா பட்டை திறந்துக்கும். இந்தப் பட்டையை ஆட்டறதுக்கு ஒரு கம்பி, கம்பியை இழுக்க ஒரு தகர டப்பா, அதுக்குப் பேர் ஆக்சுவேட்டர். டப்பாவுக்குள்ள காத்தை உறிஞ்சினா கம்பி இழுபடும், பட்டை மூடும், பூஸ்ட் ஏறும். உறிஞ்சலைன்னா ஸ்பிரிங் கம்பியைத் தள்ளி பட்டையைத் திறந்து விட்டுடும். உறிஞ்சறது இன்ஜின்ல இருக்கிற வாக்குவம் பம்ப். எவ்வளவு உறிஞ்சணும்னு இசியூ ஒரு சோலினாய்டு வால்வை நொடிக்குப் பல தடவை திறந்து மூடி முடிவு பண்ணும். கடைசியா மேப் சென்சார், "இப்ப இவ்வளவு அழுத்தம் இருக்கு"ன்னு இசியூவுக்கு சேதி சொல்லும். கேட்டது ஒண்ணு, வந்தது ஒண்ணுன்னு சில நூறு மில்லிபார் வித்தியாசம் சில நொடி நீடிச்சா இசியூ பயந்துடும். டீசலைக் குறைச்சு, பூஸ்ட்டைக் கைவிட்டு, லிம்ப் மோடுக்குப் போயிடும். சாவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா நம்மளை மன்னிச்சு திரும்ப ஆரம்பிக்கும்.

(இங்க ஒரு கிளைக்கதை. இந்த லிம்ப் மோடுக்கு ஒரு கொள்ளுத்தாத்தா உண்டு. அமெரிக்காவுல 1962ல ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர்னு ஒரு டர்போ கார் வந்தது. இன்ஜின் தட்டாம இருக்க தண்ணியும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை தனி டேங்க்ல ஊத்தணும். ஊத்த மறந்தா வண்டி தானாவே பூஸ்ட்டைக் குறைச்சுக்கும். நிறைய பேர் ஊத்தவே இல்லை. வண்டி இழுக்கலைன்னு திட்டினாங்க. ரெண்டு வருஷத்துல அந்த மாடல் போயே போச்சு.)

சகலைகிட்ட நான் முதல்ல கேட்டது ஸ்கேனர் கோடு இல்லை. எப்ப வருது, எப்ப வரலை, அதை மட்டும் சொல்லுங்கன்னேன். மனுஷன் யோசிச்சு யோசிச்சு சொன்னதுல ஒரு தங்கம் கிடைச்சது. அதே ரோடு, அதே மலை, விடிகாலையில ஏறும்போது ஒரு நாளும் வந்ததில்லை. மத்தியானம் ஏறும்போதுதான். அங்கயே "மலை ஏறினா மூச்சு வாங்கும்" காலி. மலையோட உயரம் காலையில ஒண்ணு மத்தியானம் ஒண்ணு இருக்குமா? காலையில வண்டி காலி, இன்ஜின் ஜில்லுனு இருக்கு. மத்தியானம் ஆள் பாரம், ஏசி, அதுக்கு முன்னாடி கோயமுத்தூர் டிராஃபிக்ல வெந்துட்டு வந்த இன்ஜின். அப்ப தேட வேண்டியது, சூடானா குணம் மாறுற சாமானை.

ஞாயித்துக்கிழமை வண்டியை வீட்டு வாசலுக்கு வரச் சொன்னேன். செலவில்லாத சோதனையில இருந்து ஆரம்பிச்சோம்.

டர்போவுல இருந்து இன்டர்கூலர், அங்கிருந்து இன்ஜின்னு போற தடி ஓஸ்களைத் தடவிப் பார்க்கணும். எங்கயாவது வெடிப்பு இருந்தா, அந்த இடத்துல எண்ணெய் கசிஞ்சு அழுக்குப் பிடிச்சிருக்கும். வண்டி இழுக்கும்போது உஸ்ஸுனு சத்தம் வரும், பின்னாடி கரும்புகை தள்ளும். உள்ள வந்த காத்தை அளந்த மாஸ் ஏர் சென்சார் ஓஸுக்கு முன்னாடி இருக்கு. அது அளந்து சொன்ன காத்துல பாதி வழியிலேயே ஓடிப்போனா, டீசல் மட்டும் முழு அளவு விழும். அதான் புகை. சகலை வண்டியில எண்ணெய்க் கசிவும் இல்லை, புகையும் இல்லை. கிளாம்ப் எல்லாம் இறுக்கமா இருந்தது.

அடுத்தது மேப் சென்சார். சாவியைப் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாம ஸ்கேனர்ல அழுத்தம் பாருங்க. அது வெளிக்காத்தோட அழுத்தத்தைத்தான் காட்டணும். கோயமுத்தூர் சுமார் 400 மீட்டர் உயரம், அங்க 965 மில்லிபார் வாக்குல வரும். குன்னூர் 1850 மீட்டர், அங்க 810 வாக்குல. இன்ஜின் நிக்கும்போதே 1050, 1100ன்னு காட்டினா சென்சார் பொய் சொல்லுதுன்னு அர்த்தம். கழட்டிப் பார்த்தா மூக்குல கரியும் எண்ணெயும் அப்பிக் கிடக்கும், துடைச்சாலே பாதி நேரம் சரியாயிடும். நம்ம வண்டியில சென்சார் ஹரிச்சந்திரன்.

இனி ஸ்கேனர். கோடு பி0299, அதாவது கேட்ட பூஸ்ட் வரலை. கோடைப் பார்த்துட்டு "டர்போ போச்சு"ன்னு எஸ்டிமேட் போடறது, காய்ச்சல்னு வந்தவனுக்கு ஸ்கேன் எடுக்காம ஆபரேஷன் பண்ற மாதிரி. கோடு சொல்றது வியாதியோட பேரு இல்லை, வெறும் புகார். பார்க்க வேண்டியது மூணு எண்: இசியூ கேட்ட பூஸ்ட், நிஜமா வந்த பூஸ்ட், வால்வுக்குக் கொடுக்கிற டூட்டி சதவீதம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற புளூடூத் டாங்கிள்ல பெரும்பாலும் நடு எண் மட்டும்தான் தெரியும். மூணும் வேணும்னா அந்தக் கம்பெனிக்கான ஸ்கேனர் வேணும். நண்பர் ஒருத்தர்கிட்ட இருந்தது, பிரியாணி லஞ்சத்துல வந்தது.

இந்த மூணு எண்ணையும் சேர்த்துப் படிக்கத் தெரிஞ்சா முக்கால்வாசி வேலை முடிஞ்சது. டூட்டி ஏறிக்கிட்டே போகுது, பூஸ்ட் வரலைன்னா இசியூ கத்திக் கேட்குது, கீழ யாரோ காதுல வாங்கலை. வாக்குவம் கசிவு, கிழிஞ்ச ஆக்சுவேட்டர், பெரிய ஓஸ்ல ஓட்டை, திறந்தபடி மாட்டிக்கிட்ட பட்டை, இதுல ஒண்ணு. டூட்டி குறைஞ்சுக்கிட்டே வருது, ஆனா பூஸ்ட் இறங்கலைன்னா பட்டை மூடினபடி மாட்டியிருக்கு, இல்லாட்டி வால்வுக்குள்ள வெளிக்காத்து வர்ற சின்ன ஃபில்டர் அடைச்சிருக்கு. டூட்டியும் பூஸ்ட்டும் ரெண்டும் குரங்கு மாதிரி மேல கீழ குதிச்சா, வால்வு திக்குது இல்ல பட்டை பிடிச்சுப் பிடிச்சு விடுது.

சகலை வண்டியை பர்லியார் வரைக்கும் மத்தியான வெயில்ல ஏத்தினோம். பாரத்துக்கு பின்னாடி மூணு அரிசி மூட்டை. முதல் அரை மணி நேரம் கேட்டது 2000 மில்லிபார், வந்தது 1980. ஜோரு. அப்புறம் டூட்டி மெல்ல ஏற ஆரம்பிச்சது. 60 இருந்தது 70, 80, கடைசியில 90ல முட்டி நின்னுது. பூஸ்ட் 1600க்கு இறங்கிடுச்சு. விளக்கு எரிஞ்சது. கீழ யாரோ காதுல வாங்கலை.

கசிவு எங்கன்னு கண்டுபிடிக்க ஒரு நாட்டு வைத்தியம் உண்டு. ஆக்சுவேட்டர் ஓஸ்ல ஒரு டீ ஜாயின்ட் போட்டு, நீளமா ஒரு ட்யூபை பானட் இடுக்கு வழியா உள்ள கொண்டு வந்து, டிரைவர் பக்கத்துல ஒரு வாக்குவம் மீட்டரை மாட்டிட்டு ஓட்டறது. வண்டி படுக்கும்போது மீட்டரும் சேர்ந்து படுத்தா, குத்தம் டர்போ மேல இல்லை. ஒரு எச்சரிக்கை: மலை ஏற ஏற மீட்டர் தானாவே கொஞ்சம் இறங்கும். வெளிக்காத்து அழுத்தம் எவ்வளவோ அதுக்கு மேல உறிஞ்ச யாராலயும் முடியாது. கோயமுத்தூர்ல 28 இஞ்ச் வரைக்கும் இடம் இருக்கு, குன்னூர்ல 24 இஞ்ச்தான். அதனால கொஞ்சம் சோர்ந்து போன வாக்குவம் பம்ப், கீழ பாஸ் ஆகி மேல ஃபெயில் ஆகலாம். நம்ம மீட்டர் அப்படி மெல்ல இறங்கலை. 18ல இருந்து சடார்னு 9க்கு விழுந்தது.

நிறுத்தி பானட்டைத் தூக்கி, சூட்டோட சூடா ஒவ்வொரு ஓஸா தொட்டுப் பார்த்தோம். பம்ப்ல இருந்து வால்வுக்கு வர்ற லைன் நல்ல ரப்பர். வால்வுல இருந்து ஆக்சுவேட்டருக்குப் போற லைன்ல, கடைசி ஒரு சாண் நீளத்துக்கு வேற ஏதோ. சகலை அதைப் பார்த்துட்டு என்னைப் பார்த்தார்.

"இது டிரிப்ஸ் ட்யூப் மாதிரி இல்லைங்களா?"

டிரிப்ஸ் ட்யூபேதான். ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்தற பிளாஸ்டிக் ட்யூப். முன்னாடி வண்டி வச்சிருந்தவர் காலத்துல ஏதோ ஒரு பட்டறையில, அறுந்த ரப்பருக்குப் பதிலா சொருகியிருக்காங்க. குளிர்ந்திருக்கும்போது அது விறைப்பா நிப்பிளைக் கவ்விப் பிடிச்சுக்கும். டர்போ சூடு ஏறி அரை மணி நேரம் ஆனா கொழகொழன்னு ஆகி, நிப்பிள் ஓரத்துல வாய் பிளந்துடும். நிறுத்தி கொஞ்சம் ஆறினா திரும்பப் பிடிச்சுக்கும். சர்வீஸ் சென்டர் வாசல்ல, ஆறிப்போன இன்ஜினோட, ரெண்டு கிலோமீட்டர் டெஸ்ட் டிரைவ்ல இது எப்படி மாட்டும்? மேட்டுப்பாளையத்துல ஸ்பேர்ஸ் கடையில, எண்ணெய்க்கும் சூட்டுக்கும் தாங்கற ரப்பர் வாக்குவம் ஓஸ் ஒரு மீட்டர் 120 ரூபாய்க்கு வாங்கி, மொத்த லைனையும் மாத்தினோம்.

இந்த லைனைப் பத்தி இன்னொண்ணு. டீசல் வண்டியில பிரேக் பூஸ்டருக்கும் அதே பம்ப்தான் உறிஞ்சுது. நடுவுல ஒன்வே வால்வு இருக்கிறதால சின்னக் கசிவுக்கு பிரேக் பாதிக்காது. ஆனா டர்போ இழுக்கலைங்கறதோட சேர்ந்து பிரேக் பெடல் கல்லு மாதிரி ஆச்சுன்னா, பூஸ்ட்டை மறந்துட்டு முதல்ல பம்ப்பைப் பாருங்க. ஏறும்போது இழுக்காத வண்டியை ஓரம் கட்டலாம். இறங்கும்போது நிக்காத வண்டியை?

இதோட முடிஞ்சிருந்தா நல்ல சினிமா. 120 ரூபாய் ஓஸ், 92 ஆயிரம் மிச்சம், சுபம். பதினொரு நாள் நல்லா ஓடிச்சு. பன்னிரண்டாவது நாள் ராத்திரி போன். "மறுபடியும் விளக்கு எரியுதுங் சகலை."

ஆனா கோடு வேற. இப்ப பி0234, அதாவது கேட்டதை விட அதிகமா பூஸ்ட். இடமும் வேற. சமதரையில, காரமடை ரோட்டுல, லாரியை ஓவர்டேக் பண்ணிட்டு காலை எடுக்கும்போது. ஸ்கேனர்ல பார்த்தா டூட்டி 20க்கு இறங்கிடுச்சு, பூஸ்ட் 2300ல பிடிவாதமா நிக்குது. முதல் கோளாறுக்கு அப்படியே தலைகீழ். கை பம்ப் ஒண்ணை ஆக்சுவேட்டர்ல மாட்டி, இன்ஜினை நிறுத்திட்டு மெதுவா உறிஞ்சினோம். நல்ல டர்போவுல 4, 5 இஞ்ச்ல கம்பி அசைய ஆரம்பிச்சு 18, 20க்குள்ள வழுக்கிட்டே கடைசி வரைக்கும் போகணும், விட்டா அதே மாதிரி வழுக்கிட்டே திரும்பணும் (வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும்). நம்மது போகும்போது நல்லா போச்சு. திரும்பும்போது பாதியில நின்னு, கொஞ்சம் யோசிச்சு, டக்குனு குதிச்சது. உள்ள பட்டையில கரி.

இது ரெண்டாவதா வந்த தனி வியாதி இல்லைங்கறது என் கட்சி. மாசக்கணக்கா வாக்குவம் சரியா வராததால அந்தப் பட்டைகள் முழுசா மூடவே இல்லை, பாதி தூரம்தான் ஆடிட்டு இருந்தது. ஆடாத பாதியில கரி படிஞ்சது. ஓஸை மாத்தினதும் பட்டை கடைசி வரைக்கும் போய், அந்தக் கரியில சிக்கிக்கிச்சு. போதாததுக்கு சகலையோட காத்திருப்பு. விடியறதுக்கு முன்னாடி கிளம்பற மனுஷன், ஆஸ்பத்திரி வாசல்ல நாலு மணி நேரம் ஏசியைப் போட்டுட்டு வண்டிக்குள்ளயே தூங்குவார். டீசல் இன்ஜினை ஐடில்ல மணிக்கணக்கா விட்டா புகை சூடு குறைவு, கரி எரியாது, படிஞ்சுக்கிட்டே இருக்கும். அவரைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரலை. ஏப்ரல் மாச கோயமுத்தூர்ல மூடின வண்டிக்குள்ள ஏசி இல்லாம தூங்கிப் பார்த்தவங்க சொல்லட்டும்.

ஆக, சர்வீஸ் சென்டர் சொன்ன "டர்போ"ங்கற வார்த்தையில கால்வாசி உண்மை இருந்தது. இதையும் சொல்லிடணும். ஆனா அவங்க பேச்சைக் கேட்டு ஓஸைத் தொடாம புது டர்போ போட்டிருந்தா, அதே டிரிப்ஸ் ட்யூப் புது டர்போவையும் பாதி தூரமே ஆட்டியிருக்கும். மத்தியானம் பர்லியார்ல அதே விளக்கு எரிஞ்சிருக்கும், நகை பேங்க்ல இருந்திருக்கும்.

உக்கடம் பக்கம் டர்போ மட்டுமே பார்க்கிற ஒரு சின்னப் பட்டறை. பெரியவர் ஒருத்தர், பேச்சே கிடையாது. கழட்டி, டர்பைன் கூட்டுல சென்டர் பஞ்சால ரெண்டு குறி போட்டுட்டு (திரும்ப மாட்டும்போது அதே கோணத்துல உட்காரணும்) பிரிச்சார். உள்ள, தகடுகளை ஒண்ணா ஆட்டற வளையத்தைச் சுத்தி சாம்பிராணி சட்டி மாதிரி கரி. கம்பி பிரஷ், டீசல், காத்து, திரும்ப பிரஷ். ஆக்சுவேட்டர் கம்பியோட நட்டையும், தகடு எவ்வளவு மூடலாம்னு தடுக்கிற சின்ன ஸ்குரூவையும் மட்டும் தொடவே இல்லை. இதை ஏன் குறிப்பா சொல்றேன்னா, சில இடத்துல "பிக்கப் வேணுமா?"ன்னு கேட்டு அந்த நட்டைத்தான் நாலு சுத்து சுத்தி விடுவாங்க. ரெண்டு நாள் வண்டி பறக்கும், மூணாம் நாள் ஓவர் பூஸ்ட். கழட்டாமலே சுத்தம் பண்றேன்னு பாட்டில்ல ஸ்ப்ரே விக்கறாங்க, எனக்கு நம்பிக்கை இல்லை. வெளிநாட்டுல அடுப்பு சுத்தம் பண்ற நுரையை உள்ள அடிக்கிறவங்களும் இருக்காங்க. அதுல காஸ்டிக் சோடா, அலுமினியத்தைத் தின்னும். உங்க இஷ்டம்.

தண்டை ஆட்டிப் பார்த்தார். பக்கவாட்டுல லேசா ஆட்டம் இருக்கு, முன்னும் பின்னும் இல்லை. ஆயில் படலத்துல மிதக்கிற தண்டு, பக்கவாட்டுல கொஞ்சம் ஆடத்தான் செய்யும். "இன்னும் ஓடும்"னு ரெண்டே வார்த்தை. கேஸ்கெட்டோட சேர்த்து 6500 வாங்கினார்.

பெட்ரோல் டர்போ வச்சிருக்கிறவங்க "எங்களுக்கு ஒண்ணும் இல்லையா?"ன்னு முறைக்கிறது தெரியுது. உங்களுக்கு பெரும்பாலும் பட்டை கிடையாது, வேஸ்ட்கேட்னு ஒரு கதவு. அதிகப் புகையை காத்தாடிக்குப் போகாம பக்கவாட்டுல விட்டுடும். கதவை ஓஸ் வழியா வர்ற அழுத்தம் திறக்கிற பழைய வகையா இருந்தா ஒரு அருமையான சோதனை உண்டு. சோலினாய்டை விலக்கிட்டு, கம்ப்ரசர்ல இருந்து வேஸ்ட்கேட் டப்பாவுக்கு நேரா ஒரு ஓஸைப் போட்டு ஓட்டுங்க. ஸ்பிரிங் அனுமதிக்கிற குறைஞ்ச பூஸ்ட் மட்டும் வரும். அது ஆடாம அசையாம நின்னா டர்போ நல்லாருக்கு, வால்வு பக்கம் தேடுங்க. அதுவும் ஆடினா கதவு, ஸ்பிரிங், டைவர்ட்டர் வால்வோட கிழிஞ்ச ரப்பர்னு பாருங்க. இப்ப வர்ற வண்டிகள்ல கதவை மோட்டாரே ஆட்டுது. அங்க ஓஸ் கதை கிடையாது, ஸ்கேனர்ல கதவு இருக்கிற இடத்தைப் படிக்கணும்.

சகலை வண்டி அதுக்கப்புறம் 14 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிடுச்சு. வாரத்துல ஒரு நாள் காலி வண்டியை நாலாயிரம் ஆர்பிஎம் வரைக்கும் நல்லா இழுத்து ஓட்டச் சொல்லியிருக்கேன், பட்டை முழு தூரம் ஆடட்டும்னு. டேஷ்போர்டுல மாட்டின வாக்குவம் மீட்டரை மட்டும் அவர் கழட்ட விடலை. பயணிகள் கேட்டா "அது ஆல்டிடியூட் மீட்டருங்க"ன்னு சொல்லிட்டிருக்காராம். பெரியவரும் மகளும் இன்னமும் அதே வண்டியிலதான் வர்றாங்க.

டிஸ்கி: சிப் ட்யூனிங் பாக்ஸ் மாட்டின வண்டியா இருந்தா, மேல சொன்ன எந்தச் சோதனைக்கும் முன்னாடி அதைக் கழட்டி வச்சிடுங்க. சில பாக்ஸுங்க மேப் சென்சார் சேதியையே மாத்தி இசியூவுக்குச் சொல்லும். அப்ப ஸ்கேனர்ல தெரியற பூஸ்ட் நிஜமா இருக்காது.